சின்னக் கல்லூரியில் மாணவர் பேரவையும் ஆசிரியர் பேரவையும்: வடசென்னைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும், இந்தப் பக்கம் வியாசர்பாடி, பெரம்பூர் வரைக்கும் சில நூறு பேரோ ஆயிரத்துச் சொச்சம் பேரோ படிக்கிற சின்னக் கல்லூரிகள் உண்டு. மாணவர் பேரவை என்று ஒன்று அங்கே பெயருக்கு இருக்கும். துறைத்தலைவர்கள் ஆளுக்கு இரண்டு பெயர் எழுதிக் கொடுப்பார்கள், ஒரு நாள் பதவியேற்பு, சால்வை, போட்டோ. அப்புறம் ஆண்டு விழாவுக்கு நாற்காலி போட ஆள் வேண்டும் என்கிறபோதுதான் அந்தப் பட்டியலைத் தேடுவார்கள். ஆசிரியர்கள் பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை, முதல்வர் சுற்றறிக்கையைப் படிக்க எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போவதையே கூட்டம் என்கிறோம்.

இதை மாற்ற நினைக்கிற இளம் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் ஆசிரியர் பக்கம் உட்கார்ந்து பேரவை வேலையைப் பார்க்கிறவன். சின்னக் கல்லூரியில் ஒரு பேரவைக்குப் பலம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், எழுதி வைத்த தீர்மானத்திலிருந்தும் அதற்கு எழுத்தில் வாங்கிய பதிலிலிருந்தும்தான் என்பேன். கீழே சொல்கிற எல்லாம் அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்கான வேலைகள்.

முதல் படி: எது யார் கையில் இருக்கிறது?

பாதிக் கோரிக்கைகள் தவறான மேசைக்குப் போய்த்தான் சாகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த, தன்னாட்சி இல்லாத கல்லூரி என்றால் பாடத்திட்டமும் தேர்வுத் தேதியும் உங்கள் முதல்வர் கையில் இல்லை. அதற்காக அவர் அறை வாசலில் உட்கார்ந்து பயன் இல்லை, பல்கலைக்கழகத்துக்கு அவர் வழியாக எழுத வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழு, கல்விக் குழு, நிதிக் குழு, ஆட்சிக் குழு எல்லாம் உள்ளேயே இருக்கும். பாடத்திட்டக் குழுவில் பழைய மாணவர் ஒருவருக்கும் இடம் உண்டு, அவர் யார் என்று தெரிந்து வைத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

அரசுக் கல்லூரியில் பணியிடம், கட்டடம் போன்றவை கல்லூரிக் கல்வித் துறையின் பாடு. உதவி பெறும் கல்லூரியில் நிர்வாகம் என்று இன்னொரு மேசை இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் கல்லூரிக் குழு என்று ஒன்றைச் சொல்கிறது, முதல்வருக்கும் மூத்த பேராசிரியர்களுக்கும் அதில் இடம் உண்டு. உங்கள் கல்லூரிக்கு அது பொருந்துமா, பொருந்தினால் அந்த இடங்களில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

இதெல்லாம் போக மிச்சம் இருப்பது நிறைய. கால அட்டவணை, நூலக நேரம், கழிப்பறை, குடிதண்ணீர், கேன்டீன், ஆய்வகச் சாமான், அகமதிப்பீட்டு முறை, விழாச் செலவு எல்லாம் முதல்வரும் துறைத்தலைவர்களும் உட்கார்ந்து முடிவு செய்யக்கூடியவை. பேரவை முதல் வருடம் இந்தப் பட்டியலைத் தாண்டவே வேண்டாம்.

இரண்டாம் படி: ஆசிரியர்கள் முதலில் தங்கள் வீட்டைச் சரிசெய்ய வேண்டும்

மாணவர் பேரவை எப்படி இருக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் நிறையப் பேசுவோம். ஆனால் நம் கூட்டத்தில் என்ன முடிவானது என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்காது. அதனால்தான் இதை மாணவர் தேர்தலுக்கு முன்னால் வைக்கிறேன்.

கல்லூரிப் பேரவை என்றால் வழக்கத்தில் முதல்வரும் துறைத்தலைவர்களும்தான். அது இருக்கட்டும். அதோடு எல்லா ஆசிரியர்களும் உட்காரும் ஆசிரியர் பேரவை ஒன்று பருவத்துக்கு இரண்டு முறையாவது கூட வேண்டும். எல்லா ஆசிரியர்களும் என்றால் கௌரவ விரிவுரையாளர்களையும் சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வகுப்புகளில் பெரும் பகுதியை எடுக்கிறவர்கள் அவர்கள், மதிய ஷிப்டில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் தண்ணீர் தெளிப்பவர்களும் அவர்கள், ஆனால் முடிவு எடுக்கும் அறையில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. பணிப் பாதுகாப்பு இல்லாததால் வாயைத் திறக்கவும் பயப்படுவார்கள். அவர்களுக்குள்ளேயே வாக்கெடுத்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், அந்த இரண்டு பேர் பேசுவது எல்லோருடைய பேச்சாகப் பதிவாகட்டும், தனி ஆளின் மேல் யாரும் கண் வைக்க முடியாது. நூலகர், உடற்கல்வி இயக்குநர், அலுவலகக் கண்காணிப்பாளர் மூவரையும் கூப்பிடுங்கள். கண்காணிப்பாளர் இல்லாமல் எடுத்த முடிவு கோப்பாக மாறாது, இது அரசு அலுவலகம் பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே நிகழ்ச்சி நிரல் போக வேண்டும். குறைந்தபட்ச வருகை எவ்வளவு என்று முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். யார் என்ன பேசினார் என்பதை எல்லாம் குறிக்க வேண்டாம், என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் போதும். கூட்டக் குறிப்பு அந்த வாரத்துக்குள் எல்லோர் கைக்கும் வரட்டும்.

மூன்றாம் படி: இரண்டு பக்க விதி

மாணவர் பேரவைக்கு ஒரு அமைப்பு விதி எழுதுங்கள். தமிழில், இரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர், அப்புறம் வகுப்புக்கு இரண்டு பிரதிநிதிகள். இருபாலர் கல்லூரி என்றால் வகுப்புப் பிரதிநிதி இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும், முதல் மூன்று பதவியில் ஒன்றாவது பெண்ணுக்கு என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். "பொண்ணுங்க நிக்க மாட்டேங்கிறாங்க சார்" என்று வருடாவருடம் சொல்வார்கள், இடம் உறுதியானால் நிற்பார்கள். மதிய ஷிப்ட் இருக்கிற கல்லூரியில் தலைவர் ஒரு ஷிப்ட், செயலாளர் இன்னொரு ஷிப்ட் என்று பிரித்து வையுங்கள், இல்லாவிட்டால் பேரவை காலை ஷிப்டுடையதாகவே முடிந்துபோகும்.

நான்காம் படி: தேர்தல்

உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த லிங்டோ குழு 2006ல் அறிக்கை கொடுத்தது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம்.லிங்டோ அதன் தலைவர். அந்தப் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்த அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று நீதிமன்றம் உத்தரவிட்டது. "எலக்‌ஷன் வேண்டாம், பிரச்சினை வரும்" என்று சொல்லும் நிர்வாகத்திடம் இதைத்தான் முதலில் காட்ட வேண்டும். தேர்தல் வழியான பிரதிநிதித்துவம்தான் நோக்கமாக இருக்க வேண்டும் என்கிறது அது. சூழ்நிலை சரியில்லாத இடத்தில் நியமன முறையை இடைக்கால ஏற்பாடாக மட்டுமே ஒத்துக்கொள்கிறது, அந்த நியமனமும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துச் செய்யக் கூடாது.

நடைமுறைக்குத் தேவையான விதிகள் இவை. கல்வியாண்டு தொடங்கி 6 முதல் 8 வாரத்துக்குள் தேர்தல். வேட்புமனுவிலிருந்து முடிவு அறிவிப்பு வரை எல்லாம் 10 நாளுக்குள். இளநிலை வேட்பாளருக்கு வயது 17 முதல் 22 வரை. நிற்கிற வருடத்தில் அரியர் இருக்கக் கூடாது, வருகை 75 சதவீதமோ பல்கலைக்கழகம் சொல்வதோ எது அதிகமோ அது இருக்க வேண்டும். குற்றப் பின்னணி, கல்லூரியின் ஒழுங்கு நடவடிக்கை இரண்டும் கூடாது. நிர்வாகி பதவிக்கு ஒருவர் ஒரு முறைதான் நிற்கலாம், செயற்குழு உறுப்பினர் பதவிக்கு இரண்டு முறை. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது, முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். அச்சடித்த போஸ்டர் கிடையாது, கையால் எழுதியது மட்டும், அதுவும் குறித்த இடத்தில். ஒலிபெருக்கி, வண்டி ஊர்வலம் இல்லை. வெளியாள் யாரும் எந்த வகையிலும் கலந்துகொள்ளக் கூடாது, கட்சிப் பணமும் வரக் கூடாது.

அரியர் விதி பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கம் விடிகாலையில் காசிமேட்டில் மீன் ஏற்றிவிட்டு வருகிற பையனும், பாரிமுனைக் கடையில் மாலை வேலை பார்க்கிற பெண்ணும் அரியர் வைத்திருப்பார்கள். அவர்களைப் போன்றவர்கள் தலைமைக்கு வராமல் போகிறார்களே என்று எனக்கு வருத்தம் உண்டு. விதியை மீற முடியாது. ஆனால் பயணம், கேன்டீன், விளையாட்டு என்று தனித்தனிக் குழுக்கள் அமைத்தால் அவற்றில் இவர்களுக்கு இடம் கொடுக்கலாம், அந்தத் தடை வேட்பாளருக்குத்தான்.

சின்னக் கல்லூரிக்கு நேரடித் தேர்தலே சரி, எல்லா மாணவரும் தலைவருக்கு நேராக வாக்குப் போடலாம். காலை ஷிப்ட் முடிவதும் மதிய ஷிப்ட் தொடங்குவதும் சந்திக்கிற நேரத்தை நடுவில் வைத்து வாக்குப்பதிவை நடத்துங்கள். வாக்குச்சீட்டில் தமிழில் பெயர், பக்கத்தில் போட்டோ, துறைவாரியாகத் தனி மேசை, அடையாள அட்டை பார்த்துப் பட்டியலில் கையெழுத்து. எண்ணிக்கை அன்றைக்கே, வேட்பாளர்களின் கண் முன்னால். புகார்களுக்கு ஒரு குறைதீர்ப்புக் குழுவை வேட்புமனுவுக்கு முன்பே அறிவித்துவிடுங்கள், முடிவு வந்து மூன்று வாரம் வரை அதற்குப் புகார் கொடுக்கலாம். தேர்தல் நாளுக்குப் பிறகு பிரச்சினை வந்ததும் குழு போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ரூட்டு தல விஷயம்

இதைப் பேசாமல் வடசென்னையில் மாணவர் தலைமை பற்றிப் பேச முடியாது. பஸ்ஸிலும் கும்மிடிப்பூண்டி ரயிலிலும் ஒவ்வொரு வழித்தடத்துக்கும் ஒரு தல, அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம், அடுத்த கல்லூரியோடு தகராறு, பஸ் டே என்று கூரை மேல் ஆட்டம், அதில் கை கால் போன பிள்ளைகள், வழக்கு வாங்கிய பிள்ளைகள். பஸ் டேக்கு நீதிமன்றத் தடை, போலீஸ், அறிவுரைக் கூட்டம் எல்லாம் வந்தாயிற்று, பழக்கம் முழுசாகப் போகவில்லை.

நான் பார்த்தவரை காரணம் இது. ஒரு பையனுக்குத் தலைமை தாங்கும் ஆசை இருக்கிறது, கல்லூரிக்குள் அதற்கு ஒரு நாற்காலியும் இல்லை. வாசலுக்கு வெளியே, ஃபுட்போர்டில், அந்த நாற்காலி கிடைக்கிறது. அதனால் பேரவை விதியிலேயே பயணக் குழு என்று ஒன்று வையுங்கள். கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், மீஞ்சூர், பொன்னேரி என்று ரயிலில் வருகிறவர்களுக்கு ஒருவர், எண்ணூர்ப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஒருவர், வியாசர்பாடி பெரம்பூர்ப் பக்கத்துக்கு ஒருவர், மணலிக்கு ஒருவர், அந்தந்த வழியில் வருகிற மாணவர்களும் மாணவிகளும் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். மாணவிகளும் வாக்குப் போட்டாலே முரட்டுத்தனத்துக்கு விழுகிற ஓட்டு குறைந்துவிடும். அவர்களுக்கு உண்மையான வேலை கொடுங்கள்: எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எது நிற்காமல் போனது, கன்டெய்னர் லாரி நெரிசலால் எத்தனை பேர் முதல் பீரியடைத் தவறவிட்டார்கள் என்று இரண்டு வாரம் குறித்துக்கொண்டு, அந்தக் கணக்கோடு மாநகர் போக்குவரத்துக் கழகத்துக்கு முதல்வர் கையெழுத்துடன் கடிதம் எழுத வேண்டும். பாஸ் விண்ணப்பங்களைச் சேர்த்துக் கொடுப்பதும் இவர்கள் பொறுப்பில் இருக்கட்டும். தகராறு நடந்தால் பதவி போகும் என்றும் விதியில் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: தீர்மானம் எழுதக் கற்றுக்கொள்வது

பதவியேற்ற முதல் இரண்டு வாரத்தில் ஒரு சனிக்கிழமை பயிற்சி வையுங்கள். இதற்கு வெளியூர் நிபுணர் யாரும் வேண்டாம். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களால் பிறந்தது. பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் அதில் முன்னால் நின்றார்கள். ஆலை, துறைமுகம், திருவொற்றியூர் எண்ணூர்த் தொழிற்சாலைகள் என்று இந்தப் பகுதியில் சங்கத்தில் பொறுப்பு வகித்து ஓய்வு பெற்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் மாணவர்களிலேயே யாருடைய தாத்தாவாவது அப்படி இருப்பார். அவரைக் கூப்பிட்டு, கோரிக்கை மனு எப்படி எழுதுவது, பேச்சுவார்த்தையில் எதை விட்டுக்கொடுப்பது, எதை விடக் கூடாது என்று பேசச் சொல்லுங்கள். கேட்கிற பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

"கழிப்பறை வசதி சரியில்லை, நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால் "ஆவன செய்யப்படும்" என்று பதில் வரும், கதை முடிந்தது. இப்படி எழுதுங்கள்: "இரண்டாம் மாடிப் பெண்கள் கழிப்பறையில் மதியம் 1 மணிக்கு மேல் தண்ணீர் வருவதில்லை. மேல்தொட்டி காலையில் ஒரு முறை மட்டுமே நிரப்பப்படுகிறது. 12.30க்கு மோட்டாரை மறுபடி போட வேண்டும். நாப்கின் போட மூடியுள்ள தொட்டி வேண்டும். பொறுப்பு: கட்டடப் பராமரிப்புக் குழு. 10 வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் கோருகிறோம்." இடம், நேரம், காரணம், தீர்வு, பொறுப்பு, தேதி. இத்தனையும் இருக்கிற தாளை எந்த அலுவலகமும் சும்மா ஒதுக்க முடியாது, ஒதுக்கினால் அடுத்த கூட்டத்தில் அதே தாள் மறுபடி மேசைக்கு வரும்.

ஆறாம் படி: கூட்டுக் கூட்டம்

மாதத்தில் ஒரு நாள், மாறாத கிழமையில், ஒரு மணி நேரம். முதல்வர், மூன்று துறைத்தலைவர்கள், ஆசிரியர் பேரவையின் இரண்டு பிரதிநிதிகள், அலுவலகக் கண்காணிப்பாளர், மாணவர் தரப்பில் ஆறு பேர். மாணவர்கள் நிற்க வேண்டாம், எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்காரட்டும். சென்ற மாதத் தீர்மானங்களின் நிலைமையை வாசித்துவிட்டுத்தான் புதிய விஷயத்துக்குப் போக வேண்டும். குறிப்பை மாணவர் செயலாளரும் ஒரு ஆசிரியரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்திட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும், வாட்ஸப் குழுவில் போட்டோ போடுவது அதற்கு மேல்தான்.

மாணவர்கள் வாய் திறக்காததற்குக் காரணம் அகமதிப்பீட்டு மதிப்பெண். 25 மதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்கும்போது "மேடம், உங்க டிபார்ட்மென்ட் லேப்ல பாதி கம்ப்யூட்டர் ஓடல" என்று எந்தப் பிள்ளை சொல்லும்? அதனால் முதல் தீர்மானமாகவே இதைக் கொண்டுவரச் சொல்லுவேன்: தேர்வு, ஒப்படைப்பு, வருகை என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று பிரித்து, பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் முன் மாணவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். நேர்மையாக மதிப்பெண் போடுகிற ஆசிரியருக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை. இது நடந்த பிறகு கூட்டத்தில் பேச்சு மாறும்.

தனி ஆசிரியர் மேல் புகார், தனி மாணவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை, பாலியல் தொல்லை, இவற்றைக் கூட்டுக் கூட்டத்தில் எடுக்கவே கூடாது. அவற்றுக்குச் சட்டப்படியான குழுக்கள் இருக்கின்றன.

ஏழாம் படி: சட்டப்படியான குழுக்களில் உள்ள நாற்காலிகள்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிப்படி பாலியல் தொல்லைப் புகார்களுக்கான உள்புகார்க் குழுவில், விஷயம் மாணவர் சம்பந்தப்பட்டதாக இருந்தால் மூன்று மாணவர் உறுப்பினர்கள் வேண்டும், அவர்கள் வெளிப்படையான தேர்தலில் வந்தவர்களாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். முதல்வர் அதில் உறுப்பினராக இருக்கக் கூடாது. பேரவைத் தேர்தல் நாளிலேயே இதற்கும் தனி வாக்குச்சீட்டு வைத்துவிடுங்கள்.

அதே மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதியின்படி மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், ஒரு மாணவர் சிறப்பு அழைப்பாளர். புகார் வந்து 15 வேலை நாளில் அது அறிக்கை கொடுக்க வேண்டும், திருப்தி இல்லாவிட்டால் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ராகிங் தடுப்புக் குழுவில் முதலாண்டு மாணவருக்கும் சீனியருக்கும் இடம் உண்டு. கல்லூரிகளுக்குத் தரம் கொடுக்கிற நாக் அமைப்பின் மதிப்பீட்டுக்காக இயங்கும் உள்தர உறுதிக் குழுவிலும் ஒரு மாணவர் இருக்க வேண்டும், அது காலாண்டுக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். இந்த இடங்கள் பல கல்லூரிகளில் ஏற்கெனவே யாரோ ஒரு பெயரால் நிரப்பப்பட்டிருக்கும், அந்தப் பிள்ளைக்கே அது தெரியாது. பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

எட்டாம் படி: பணம்

சுருக்கமாகச் சொல்கிறேன். பேரவைப் பணம் யாருடைய சொந்தக் கணக்கிலும் ஜி-பேயிலும் போகக் கூடாது. கல்லூரிக் கணக்கில் தனித் தலைப்பு, ஆசிரியர் பொறுப்பாளரும் மாணவர் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்து, எல்லாவற்றுக்கும் ரசீது, பருவ முடிவில் கணக்கு அறிவிப்புப் பலகையில். ஆண்டு விழாவுக்கு ஏரியாப் பெரிய மனிதரிடம் பணம் வாங்கினால் அவர் பேனர் வாசலில் வரும், அடுத்த தேர்தலில் அவர் ஆளும் வருவார், வாங்காதீர்கள். அரசு, உதவி பெறும் கல்லூரிகளில் மாணவரிடம் வசூலித்த சிறப்புக் கட்டணம் எங்கே செலவானது என்று கேட்டுப் பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் முதலில் கூட்டுக் கூட்டத்தில் கேளுங்கள்.

ஒன்பதாம் படி: நம் பகுதியின் காலண்டரைப் பார்த்து வேலை செய்வது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதம் விசைப்படகை நம்பிய வீடுகளில் பணப்புழக்கம் இருக்காது, தேர்வுக் கட்டணமும் அடுத்த வருடக் கட்டணமும் அதையொட்டித்தான் வந்து விழும். பிப்ரவரிக் கூட்டத்திலேயே தவணை முறை, அபராதத் தள்ளுபடி என்று தீர்மானம் போட்டுவிடுங்கள், ஏப்ரலில் போய்க் கெஞ்சினால் கணினியில் தேதி மூடியிருக்கும்.

டிசம்பர் அடுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளமும் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்க் கழிவும் ஒன்றாக வந்தபோது அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பட்ட பாடு தெரியும். அப்படி ஒரு வாரம் வந்தால் எந்தப் பகுதியில் எத்தனை மாணவர்கள், யாருக்குப் புத்தகமும் சான்றிதழும் நனைந்துபோயிற்று, யாருக்கு வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போகும் என்று பயணக் குழுவை வைத்தே பட்டியல் எடுக்க முடியும். வருகைக் குறைவை மன்னிப்பதற்கான கண்டோனேஷன் கட்டணத்தைக் கட்டச் சொல்வதற்கு முன் அந்தப் பட்டியல் முதல்வர் மேசையில் இருக்க வேண்டும்.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வராமல் நிற்கிறவர்களையும் வகுப்புப் பிரதிநிதிகள் கணக்கெடுக்கலாம். ஆதாரோடு வங்கிக் கணக்கு இணைக்காதது மாதிரி சின்னக் காரணமாகத்தான் பல சமயம் இருக்கும். அலுவலகத்தில் இருக்கும் ஒரே எழுத்தரை இருநூறு பேர் தனித்தனியாகப் போய் மொய்ப்பதைவிட வகுப்புக்கு ஒரு தாள் போனால் அவரும் வேலையை முடிப்பார்.

பத்தாம் படி: ஒப்படைப்பு

மூன்றாம் ஆண்டு முடிந்ததும் தலைவர் போய்விடுவார், அவரோடு எல்லா நினைவும் போய்விடும், சின்னக் கல்லூரிப் பேரவைகள் வருடாவருடம் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது இதனால்தான். தலைவர் பாதியில் விலகினால் தேர்தல் முடிந்து இரண்டு மாதத்துக்குள் என்றால் மறுதேர்தல், அதற்கப்புறம் என்றால் துணைத் தலைவர் பொறுப்பேற்பது என்று லிங்டோ பரிந்துரையே சொல்கிறது, அதையும் விதியில் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதக் கடைசிக் கூட்டத்தில் தீர்மானப் பதிவேடு, கணக்கு, அனுப்பிய கடிதங்களின் நகல், வந்த பதில்கள், நிலுவையில் உள்ளவற்றின் பட்டியல், இந்த ஐந்தையும் ஒரே கோப்பில் போட்டு, இரண்டாம் ஆண்டு வகுப்புப் பிரதிநிதிகளில் மூவர் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு நகல் நூலகத்தில், மாணவர் யார் கேட்டாலும் எடுத்துப் பார்க்கிற இடத்தில் இருக்கட்டும். கல்லூரி திறந்த முதல் வாரத்தில் அந்த மூவரும் நிலுவைப் பட்டியலோடு முதல்வரைப் பார்த்து, தேர்தல் தேதியை எழுத்தில் கேட்க வேண்டும்.